கட்டம் எல்லாம் நிரப்பியாச்சு, கடைசி விடை எங்க ஒளிஞ்சிருக்கு? மெட்டா குறுக்கெழுத்து போடுறவங்க கொஞ்சம் வாங்க

கட்டம்போட்டசட்டை கேட்டது:

வணக்கம் மக்களே. நான் சின்ன வயசுலேருந்தே குறுக்கெழுத்துப் பைத்தியம், வார இதழ்ல வர்றது, அப்புறம் இங்கிலீஷ் பேப்பர் கிரிப்டிக்னு ஓரளவு எல்லாம் கை வரும். இப்ப நியூஜெர்சி வந்தப்புறம் கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல வெள்ளிக்கிழமை வர்ற போட்டிப் புதிரைக் காட்டிவிட்டார், அன்னைலேருந்து எனக்கு வீக்கெண்டே போச்சு.

மெட்டான்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். பார்க்க சாதா குறுக்கெழுத்து மாதிரிதான் இருக்கும், குறிப்பும் சுலபம்தான். ஆனா "இந்த வாரப் போட்டிக்கான விடை ஒரு ஆறெழுத்துச் சொல்"ங்கற மாதிரி ஒரு வரி கூடவே இருக்கும். அந்தச் சொல் எந்தக் குறிப்புக்கும் விடை கிடையாது, நிரப்பின கட்டத்துக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கும், அதைக் கண்டுபிடிச்சு ஞாயிறு ராத்திரிக்குள்ள அனுப்பணும், சரியா அனுப்பினவங்கள்ல குலுக்கல் போட்டு ஒருத்தருக்கு ஒரு காபி மக் தருவாங்க. மக் கடையில வாங்கிக்கலாம், அது இல்ல பிரச்சனை. கட்டத்தை ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடுறேன், அப்புறம் ரெண்டு நாள் அதையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன், ஒன்னும் தோண மாட்டேங்குது. வீட்டம்மா "அதான் எல்லாம் ரொப்பியாச்சே இன்னும் என்ன"ன்னு கேக்குறாங்க, என்னன்னு சொல்றது.

இதை எங்கேருந்து ஆரம்பிக்கணும்? போற வழி தப்புன்னு எப்படித் தெரியும்? இதுக்கு ஏதாவது முறை இருக்கா, இல்ல மண்டையில பல்பு எரியற வரைக்கும் காத்திருக்கிறதுதானா?

பென்சில்மூக்கன்:

வாங்க ஜி, நம்ம கிளப்புக்கு ஒரு அடிமை சிக்கிட்டாரு.

முதல்ல ஒன்னு. கட்டம் நிரப்புறதும் இதுவும் ரெண்டு வேற வேலை. நிரப்புறப்ப "இது என்ன?"ன்னு கேக்குறீங்க, மெட்டாவுல "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு கேக்கணும். இந்தக் கேள்வி பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

நான் முதல்ல பார்க்கிறது தலைப்பு. நியூயார்க் டைம்ஸ்ல வாரநாள் புதிருக்குத் தலைப்பே இருக்காது, ஞாயித்துக்கிழமை பெரிய புதிருக்கு மட்டும்தான். ஆனா மெட்டாவுல தலைப்பு சும்மா அலங்காரத்துக்கு இல்ல, அதுதான் முதல் துப்பு, அதுலயே என்ன செய்யணும்னு பாதி சொல்லியிருப்பாங்க. "மாத்திப் போடு", "நடுவுல நில்லு" மாதிரி ஏதாவது கட்டளை வாடை அடிக்கும். அப்புறம் நீங்க சொன்ன அந்த "விடை ஒரு ஆறெழுத்துச் சொல்"ங்கற வரி. ஆறெழுத்துன்னா ஆறு இடத்துலேருந்து ஒவ்வொரு எழுத்து வரணும்னு நினைச்சுக்கிட்டு, கட்டத்துல ஆறு பேர் கொண்ட கூட்டம் எங்க இருக்குன்னு தேடுங்க. ஆறு நீளமான விடை இருக்கா, கேள்விக்குறி போட்ட குறிப்பு ஆறு இருக்கா, ஒரே மாதிரி ஆரம்பிக்கிற குறிப்பு ஆறு இருக்கான்னு.

அமெரிக்கக் கட்டத்தைத் தலைகீழா திருப்பினாலும் கருப்புக் கட்டம் எல்லாம் அதே இடத்துலதான் இருக்கும், அதனால மேல மூணாவது வரிசையில ஒரு நீள விடை தீம்னா, அதாவது புதிரோட மையக் கருத்தைத் தாங்குற விடைன்னா, கீழேருந்து மூணாவது வரிசையில அதோட ஜோடி இருக்கும். இப்படியே தீம் விடைங்களைப் பொறுக்கி எடுத்துடலாம். இது சுலபமான மெட்டாவுக்குச் சொல்றேன், கஷ்டமானதுல இந்த வழக்கத்தையே வெச்சு உங்களை ஏமாத்துவாங்க.

அடுத்து, குறிப்புங்களை திரும்பப் படிங்க. விடை தெரிஞ்சதும் குறிப்பை மறந்துடுறோம் இல்ல, அங்கதான் ஒளிச்சு வெக்கிறாங்க. ஒரு சின்ன சாதாரணச் சொல்லுக்கு சுத்தி வளைச்சு ஒரு குறிப்பு இருந்தா சந்தேகப்படுங்க. அதே குறிப்பு கட்டத்துல இருக்கற வேற ஒரு சொல்லுக்கும் பொருந்துதான்னு பாருங்க, இது ரொம்ப அடிபட்ட உத்தி. அப்படிப் பொருந்துற ஜோடிங்களை வரிசையா எழுதி முதல் எழுத்தை எடுத்தா விடை. சில தடவை குறிப்புங்களோட முதல் எழுத்தையே மேலேருந்து கீழ படிச்சா ஒரு வாக்கியம் வரும்.

பழகணும்னா மேட் காஃப்னின்னு ஒரு புதிர் ஆசிரியர் 2008லேருந்து வாராவாரம் ஒரு மெட்டா போடுறாரு, மாசத்தோட முதல் வாரம் சுலபம், போகப் போக ஏறும், கடைசி வாரம் பேயறையும். முதல் ரெண்டு வாரத்துதை மட்டும் கொஞ்ச நாள் போடுங்க, நாலாவது வாரத்தைத் தொட்டு மனசு ஒடிஞ்சு போகாதீங்க. பாட்டு பிடிக்கும்னா பீட் முல்லர் மாசத்துக்கு ஒன்னு போடுறது இருக்கு, விடை எல்லாம் பாட்டு, ஆல்பம், பாடகர்னு வரும், ஆனா இங்கிலீஷ் பாட்டு தெரியலைன்னா நம்மளுக்கு அது ஆகாது.

ராத்திரிப்பூனை:

இந்த ரகத்துல 1996 நவம்பர் 5 நியூயார்க் டைம்ஸ் புதிரை யாரும் அடிச்சுக்க முடியாதுங்க. அன்னைக்குத்தான் அதிபர் தேர்தல். நாளைய பேப்பர்ல தலைப்புச் செய்தின்னு ஒரு குறிப்பு, விடை ஏழெழுத்து, பக்கத்துலயே "தேர்ந்தெடுக்கப்பட்டார்". கிளின்டன்னு போட்டாலும் சரியா வரும், பாப் டோல்னு போட்டாலும் சரியா வரும்! குறுக்க வர்ற குறிப்பு எல்லாம் ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி, ஹாலோவீன் கருப்புப் பிராணின்னா பூனைன்னும் வெச்சுக்கலாம் வௌவால்னும் வெச்சுக்கலாம், இங்கிலீஷ்ல முதல் எழுத்து மட்டும்தான் மாறும். ஜெரமையா ஃபாரல்னு ஒரு கணக்கு புரொபசர் செஞ்சது. தேர்தல் முடியறதுக்கு முன்னாடியே பேப்பர்காரன் ஜெயிச்சவரை முடிவு பண்ணிட்டான்னு ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம்.

பென்சில்மூக்கன்:

பூனை சார், அருமையான புதிர்தான், ஆனா அது மெட்டா இல்ல. அங்க ஒரே கட்டத்துக்கு ரெண்டு விடை, அவ்வளவுதான், நிரப்பினதும் கதை முடிஞ்சுது. மெட்டாவுல நிரப்பினதுக்கு அப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது.

வன்னியன்_லண்டன்:

நான் லண்டனில இருந்து எழுதுறன். இஞ்ச இந்த விளையாட்டுக்கு வேற ஒரு முகம் இருக்கு, லிஸ்னர் குறுக்கெழுத்து. 1930ல லிஸ்னர் எண்ட பிபிசி சஞ்சிகையில தொடங்கினது, சஞ்சிகை நிண்டு போன பிறகு 1991ல இருந்து டைம்ஸ் பத்திரிகையில சனிக்கிழமையில வருது. அமெரிக்காக்காரர் கட்டத்தை லேசாக்கி கடைசி விடையை ஒளிக்கிறாங்கள், இவங்கள் கட்டத்தையே நிரப்ப விடமாட்டாங்கள். ஒவ்வொரு குறிப்பிலயும் ஒரு எழுத்து கூடவா இருக்கும், அல்லது ஒரு எழுத்துப்பிழை வேணுமெண்டே போட்டிருப்பாங்கள், அந்த எழுத்தெல்லாத்தையும் வரிசைக்குச் சேர்த்தா அடுத்தது என்ன செய்யவேணும் எண்டு ஒரு கட்டளை வரும். இந்த ஆளின்ட பேரைக் கட்டத்துக்குள்ள தேடிக் கோடு போடு, இந்தச் சொல்லை மாத்து, சில வேளை பேப்பரை வெட்டு, மடி எண்டும் கேப்பாங்கள்.

தம்பி கேட்ட "வழி பிழை எண்டு எப்பிடித் தெரியும்" எண்டதுக்கு என்ட பதில் இது. சரியான வழி எண்டா மிச்சம் இராது. அஞ்சு தீம் விடையில நாலுக்குப் பொருந்தி ஒண்டுக்குப் பொருந்தேல்ல எண்டா அந்த யோசினையைக் குப்பையில போடுங்கோ, எவ்வளவு வடிவான யோசினையா இருந்தாலும் சரி. வடிவான யோசினைதான் ஆக்களைக் கொல்லுறது. அஞ்சாவதுக்கு ஒரு நொண்டிச்சாட்டு சொல்லத் தொடங்கினா விளங்கிக்கொள்ளுங்கோ, நீங்க இப்ப புதிரை விட்டிட்டு உங்களோடயே கதைக்கிறியள் எண்டு.

கட்டம்போட்டசட்டை:

ஐயோ வன்னியன் அண்ணா, அப்படியே என்னைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு. போன மாசம் ஒன்னுல எல்லா விடையிலயும் சாப்பாட்டுப் பேர் ஒளிஞ்சிருக்குன்னு நானே முடிவு கட்டி, ஒத்து வராததுக்கு "இது ஏதோ மெக்சிகன் ஐட்டமா இருக்கும்"னு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

பென்சில் ஜி, நீங்க சொல்றது புரியுது ஆனா கையில பிடிச்சுக் காட்டுற மாதிரி ஒன்னு வேணும். இந்த வாரத்துதை இங்க பேசக்கூடாதுன்னு தெரியும், கெடு முடியல. தமிழ்லயே குட்டியா ஒன்னு போட முடியுமா?

பென்சில்மூக்கன்:

கெடு முடியறதுக்கு முன்னாடி பேசாதீங்க, அது ரொம்ப முக்கியம், அந்த மரியாதை இருக்கறதாலதான் இந்த ஆட்டமே நடக்குது.

சரி, தமிழ்ல. கட்டம் வரையச் சோம்பல், தீம் விடை மூணு மட்டும் தர்றேன், மிச்சக் கட்டம் சும்மா ஜோடனைன்னு வெச்சுக்கங்க.

தலைப்பு: சிறகு முளைச்சா
குறுக்கே 1: கொடைக்கானல்ல கைக்கு எட்டும் (3 எழுத்து)
குறுக்கே 9: தப்பட்டையோட சேர்ந்தே ஊர்வலம் போகும் (2)
குறுக்கே 17: மறுவீடு போற புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் (4)
கடைசி விடை: உங்களை யாராவது இப்படிக் கூப்பிட்டா பாராட்டா கிண்டலான்னு யோசிக்கணும், மூணு எழுத்து.

கட்டம்போட்டசட்டை:

மேகம், தாரை, விருந்து. இது சுலபம்.

மேகம் மழை, தாரைதாரையா மழை கொட்டும், ஆக மழை சம்பந்தமா ஏதோ... விருந்து? மழைக்கு விருந்து... விவசாயிக்கு மழையே விருந்துதான்னு... ஐயையோ அண்ணன் சொன்ன நொண்டிச்சாட்டு இதுதான். சரி தூக்கிப் போட்டாச்சு.

விருந்துல ஒரு எழுத்தை மாத்தினா மருந்து. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு பழமொழியே இருக்கே. மேகத்துல மாத்தினா தாகம், வேகம், நாகம், யாகம், ஏகப்பட்டது வருது. தாரைன்னா...

ராத்திரிப்பூனை:

சட்டை சார் தலைப்பை மறந்துட்டீங்க.

கட்டம்போட்டசட்டை:

சிறகு! மேகம் காகம், தாரை நாரை, விருந்து பருந்து. மூணுமே பறவை!! முதல் எழுத்து மட்டும் மாறுது. புது எழுத்து கா, நா, ப. கானாப? பகானா? ஒன்னும் சரியா வரலையே. அட, பழைய எழுத்து. மே, தா, வி.

மேதாவி.

உடம்பே சிலிர்த்துப் போச்சு ஜி.

பென்சில்மூக்கன்:

இப்ப நடந்ததை கவனிச்சீங்களா, அதுதான் மொத்த முறையும். மழைன்னு ஒரு கண்ணி வெச்சேன், மூணாவது ஒத்து வரலைன்னதும் விட்டீங்க. எழுத்து மாத்துறதுங்கற உத்தி கையில வந்துச்சு, ஆனா எதை நோக்கி மாத்தணும்னு தெரியல, தலைப்பு சொல்லுச்சு. அப்புறம் புது எழுத்துல ஒன்னும் வரலைன்னதும் உத்தியையே தூக்கிப் போடாம அதே உத்தியில மிச்சம் என்ன இருக்குன்னு பார்த்தீங்க, அதாவது வெளிய போன எழுத்து. நிறைய பேர் இந்த இடத்துலதான் கோட்டை விடுவாங்க, சரியான வாசல்ல நின்னுக்கிட்டே திரும்பிப் போயிடுவாங்க. ஒரு படி சுத்தமா விழுந்துச்சுன்னா, மூணுக்கு மூணும் பறவைன்னா அது தற்செயல் கிடையாது, அந்த இடத்தை விட்டு நகராதீங்க.

விடை வந்ததும் சந்தேகமே இருக்காது, அதையும் பார்த்தீங்கல்ல. "இதுவா இருக்குமோ"ன்னு தோணுச்சுன்னா அது இல்லைன்னு அர்த்தம்.

குட்டிச்சாத்தான்_எம்எஸ்:

ப்ரோ இதுக்கு நேர் எதிரா ஒன்னு சொல்றேன் 😀 எம்ஐடி யுனிவர்சிட்டியோட மிஸ்டரி ஹன்ட்ங்கற புதிர் வேட்டையில எல்லாம் நீங்க சொல்ற "மிச்சம் இருக்கக் கூடாது" விதியை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா விடிஞ்சுடும். அது ஜனவரியில மார்ட்டின் லூதர் கிங் லீவு வர்ற வீக்கெண்ட்ல நடக்கும், 1981ல பிராட் ஷேஃபர்னு அங்க படிச்ச ஒரு ஸ்டூடன்ட் ஆரம்பிச்சது, கேம்பஸ்ல ஒளிச்சு வெச்ச ஒரு நாணயத்தைக் கண்டுபிடிக்கணும், ஜெயிக்கிற டீம்தான் அடுத்த வருஷம் புதிர் போடணும், அதனால ஜெயிக்கக் கூடாதுன்னு பயந்துக்கிட்டே விளையாடுற கூட்டமும் உண்டு. அங்க ஒரு ரவுண்டுல பல புதிர், ஒவ்வொன்னுக்கும் ஒரு சொல் விடை, அந்த விடை எல்லாத்தையும் சேர்த்து மேல ஒரு பெரிய புதிர், அதுக்குத்தான் மெட்டான்னு பேர். எல்லாத்தையும் முடிக்க நேரமே இருக்காது, பாதிக்கு மேல கிடைச்சதும் மெட்டாவை அடிச்சுப் பார்ப்போம், அது உடைஞ்சுதுன்னா இன்னும் முடிக்காத புதிரோட விடை என்னவா இருக்கணும்னு பின்னாடிலேருந்து ஊகிச்சு அதையும் போட்டுடுவோம். 2013 ஹன்ட் 73 மணி நேரத்துக்கு மேல இழுத்துச்சு, எவனும் தூங்கல.

உங்க மேதாவியை மேகமும் விருந்தும் மட்டும் தெரிஞ்சாலே போட்டுடலாம், மே_வி, பாராட்டா கிண்டலா, வேற என்ன வரும்?

வன்னியன்_லண்டன்:

தம்பி, அது கூட்டமா நேரத்தோட ஓடுற ஆட்டம், அங்க அது கெட்டித்தனம். தனிய இருந்து செய்யிற புதிரில உப்பிடிப் போட்டா விடை கையில இருக்கும், ருசி இராது. ஊகிச்சு அனுப்பினதுக்கும் குலுக்கலில பரிசு விழலாம், அது வேற கதை.

காரைக்குடி_ஆச்சி:

எல்லாரும் என்னமோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச மாதிரி பேசுறீக. தமிழ் வாத்தியாரா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ நான், தண்டியலங்காரம்ங்கற அணி இலக்கண நூல்ல சொல்லணி பகுதியைப் பாருங்கப்பா. மிறைக்கவின்னு, அதாவது சொல் வித்தை காட்டுற பாட்டுங்கன்னு, ஒரு பட்டியலே இருக்கு, அதுல வினாவுத்தரம்னு ஒன்னு. அதுக்கு உதாரணமா வர்ற வெண்பாவுல வரிசையா கேள்வி. பூமகள் யாரு? திரு. போறவனை அனுப்பி வைக்கிறவன் என்ன சொல்வான்? ஏகு. போருக்குப் போற சரத்துக்குப் பேர் என்ன? அம்பு. அழகுக்குப் பேர்? அம். கடைசியா ஒரு கேள்வி, பிறை சூடின பெருமான் விரும்பி இருக்கற இடம் எது? மேல சொன்ன நாலு விடையையும் புணர்ச்சி போட்டுச் சேர்த்துப் பாருங்க, திரு ஏகு அம்பு அம், திருவேகம்பம். காஞ்சிபுரத்துல இருக்காரே ஏகாம்பரநாதர், அவர் கோயில். குட்டிக் குட்டி விடைகளைக் கோத்தா பெரிய விடை, இதுக்குப் பேர் மெட்டா இல்லாம வேற என்ன? அதே பட்டியல்ல கரந்துறைச் செய்யுள்னு இன்னொன்னு, ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டோட எழுத்தெல்லாம் ஒளிஞ்சிருக்கும்.

பென்சில்மூக்கன்:

ஆச்சி, சும்மா அதிருதே! இதை நான் இத்தனை நாள் கேள்விப்பட்டதே இல்ல. ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் சொல்லிக்கிறேன், கோச்சுக்காதீங்க. அந்த வெண்பாவுல கடைசிக் கேள்வியும் வெளிப்படையா இருக்கு, சேர்க்கணும்ங்கற வழக்கமும் வினாவுத்தரம்னு பேர் சொன்னாலே தெரிஞ்சுடும். இங்க என்ன செய்யணும்ங்கறதையே மறைச்சு வெக்கிறாங்க, ஒவ்வொரு வாரமும் உத்தி மாறும், போன வாரம் சேர்த்தது இந்த வாரம் வெட்டணும். கரந்துறைச் செய்யுள்தான் இன்னும் கிட்ட வருது.

ஆனா தமிழ்ல இதை ஒழுங்கா செய்யலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. நம்மள்ல ஒரு கட்டத்துக்கு ஒரு உயிர்மெய், இங்கிலீஷ் மாதிரி ஒத்தை ஒத்தை எழுத்தா பிரிக்கிறது கஷ்டம். மெய்யெழுத்துல சொல் ஆரம்பிக்காது, அதனால முதல் எழுத்தை மட்டும் கோத்து விடை எடுத்தா புள்ளி வெச்ச எழுத்தே கிடைக்காது. நான் மேதாவின்னு புள்ளியே இல்லாத சொல்லா எடுத்ததுக்கு அதான் காரணம், வேற எதை எடுத்தாலும் ம், ல், ன்னு எங்கயாவது ஒரு புள்ளி வந்து உக்காந்துக்குது.

காரைக்குடி_ஆச்சி:

முதல் எழுத்தையே ஏன் பிடிச்சுத் தொங்குற? நடுவுலேருந்து எடு, புள்ளி தன்னால வரும். இந்தா, பேரன் தூங்குற நேரத்துல போட்டேன்.

தலைப்பு: மரத்துக்கு மேல ஒன்னு
1. துவாதசி அன்னைக்குத் தேடித் தேடி வாங்குற கீரை (4 எழுத்து)
2. மாசம் பொறந்தா வீட்டுக்காரர் கேக்கறது (3)
3. அரைச்சு வெச்சா மறுநாள் இட்லி (2)
4. மானுக்கும் உண்டு, கணக்குலயும் உண்டு (3)
கடைசி விடை நாலு எழுத்து. கஷ்டம் வந்தா எல்லாரும் கூப்பிடுறவர்.

கட்டம்போட்டசட்டை:

அகத்தி, வாடகை, மாவு, புள்ளி. மாவு, புள்ளி... கோலமா ஆச்சி? கோலம் சம்பந்தமா ஏதோ.

காரைக்குடி_ஆச்சி:

கோலம்னா வாடகை எதுக்குப்பா வருது?

குட்டிச்சாத்தான்_எம்எஸ்:

நான் கடைசி வரியை மட்டும் வெச்சே போட்டுட்டேன் 😀

வன்னியன்_லண்டன்:

பொறும் தம்பி, சொல்லிப் போடாதையும். அவர் நாலு மரத்தையும் கண்டுபிடிக்கட்டும்.